செட்டிநாட்டு வீட்டில் பல்லாண்டு கார்னேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துத் திருமண மேடைகளில் மலையிலிருந்து வந்திறங்கும் கார்னேஷன் பூக்களைப் பார்த்துவிட்டு, இதை நம் வீட்டிலேயே வளர்க்க முடியாதா என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டு முற்றத்திலும் பின்கட்டுத் தோட்டத்திலும் இந்தச் செடியை வளர்த்து, சில ஆண்டுகள் முழுவதுமாக இழந்து, மீண்டும் தொடங்கி நான் கற்றுக்கொண்டவற்றை, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளின் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

கார்னேஷன் உண்மையிலேயே பல்லாண்டுச் செடியா? விதைப் பையில் அப்படித்தானே போட்டிருக்கிறது?

பிறவியில் அது பல்லாண்டுச் செடிதான். டையாந்தஸ் காரியோஃபில்லஸ் என்ற பெயரில் 1753ஆம் ஆண்டு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பதிவு செய்த இச்செடி மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்தது. 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் கையில் வளர்ந்து வருவதால், அதன் காட்டுப் பிறப்பிடத்தைத் துல்லியமாக வரையறுப்பதுகூடக் கடினம். ஐரோப்பியத் தோட்டங்களில் பனிக்காலத்தைத் தாண்டி, அடுத்த ஆண்டும் அதே வேரிலிருந்து தழைக்கும். விதைப் பையில் அச்சிட்டிருப்பது அந்த நாட்டு அனுபவம். அங்கே செடியைக் கொல்வது குளிர். இங்கே கொல்வது சித்திரை வெயில். ஆகவே செட்டிநாட்டில் அதைப் பல்லாண்டுச் செடியாக வைத்திருக்க விரும்புவோர், ஒரே செடியைப் பத்து ஆண்டு காப்பாற்றுவதைப் பற்றி நினைக்காமல், ஆண்டுதோறும் அதிலிருந்து புதுக்கன்று எடுத்து, தாய்ச்செடியின் வம்சத்தைத் தொடர்வதைப் பற்றி நினைக்க வேண்டும். இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் என் தோட்டத்தில் கார்னேஷன் நிலைத்தது. ஐரோப்பாவிலும் மூன்று நான்கு ஆண்டுகளில் செடி கட்டைபாய்ந்து பூ சிறுத்துப்போவதால், அவர்களும் புதுக்கன்று எடுத்து மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீலகிரியில் அவ்வளவு செழிப்பாக வருவது நம் ஊரில் ஏன் திணறுகிறது?

கார்னேஷனுக்குப் பிடித்த பகல் வெப்பம் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை. இரவு 10 முதல் 13 வரை. ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் இது பெரும்பாலும் இயல்பாகவே கிடைக்கிறது. நம் பக்கத்தில் தை மாதத்து இரவே பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. கோடைப் பகல் 40 டிகிரியைத் தொட்டுவிடும். இரவு குளிராதபோது, பகலில் இலைகள் சேர்த்த மாவுச்சத்தைச் செடி தன் மூச்சிலேயே செலவழித்துவிடுகிறது. மிஞ்சுவது குறைவு என்பதால் தண்டு மெலிந்து, பூ சிறுத்துவிடுகிறது. பூக்கடையில் பார்க்கும் முழ நீளத் தண்டையும் கைப்பிடி அளவுப் பூவையும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு சாண், ஒன்றரைச் சாண் தண்டில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தொடங்கி நன்றாகப் பராமரித்தால் இரண்டு அங்குலம் வரை விரியும் பூ கிடைக்கும். அது நம் முற்றத்திலேயே மலர்ந்த பூ என்ற நிறைவு எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

எந்த வகையை வாங்குவது?

முதல்முறை வளர்ப்பவர்கள் பசுமைக்குடிலுக்கான நெடுந்தண்டு வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். விதையிலிருந்து வளரும் சாபோ வகையும், குட்டையாகத் தொட்டிக்கு ஏற்றபடி வளரும் வகைகளும் நமக்கு ஒத்துவரும். சாபோ ஏறக்குறைய ஐந்து, ஆறு மாதங்களில் பூத்துவிடுவதால் நம்முடைய குறுகிய குளிர்காலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஒன்றைக் கவனித்து வாங்க வேண்டும். பல நர்சரிகளில் கார்னேஷன் என்று சொல்லி விற்பது சீன டையாந்தஸ் என்ற அதன் உறவுச்செடியாக இருக்கும். ஒற்றை அடுக்கு இதழ், ஓரம் கத்தரித்தது போன்ற பல், நடுவில் கரும்சிவப்பு வளையம் ஆகியவை அதன் அடையாளங்கள். அது அழகான செடி. வெயிலையும் கார்னேஷனைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். என் முதல் ஆண்டில் ஒரு நர்சரியில் பல்லாண்டு கார்னேஷன் என்று வாங்கிவந்த பன்னிரண்டு கன்றுகளும் சீன டையாந்தஸ்தான் என்பது பூத்த பிறகே தெரிந்தது. பூக்காத கன்றாக இருந்தால் இலையைப் பாருங்கள். கார்னேஷன் இலை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், மெழுகு பூசியது போலிருக்கும். விரலால் லேசாகத் தேய்த்தால் அந்தச் சாம்பல் பூச்சு கலைந்து அடியிலிருக்கும் பச்சை தெரியும். சீன டையாந்தஸ் இலையில் அந்தப் பூச்சு அவ்வளவாக இருக்காது.

இந்த இனங்கள் எளிதில் கலப்பவை என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 1717ஆம் ஆண்டு இலண்டன் தோட்டக்காரர் தாமஸ் ஃபேர்சைல்டு கார்னேஷனையும் ஸ்வீட் வில்லியம் என்ற டையாந்தஸையும் கையால் மகரந்தம் சேர்த்து உருவாக்கியதுதான், மனிதர் வேண்டுமென்றே செய்த முதல் கலப்புச் செடியாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே உங்கள் தோட்டத்தில் இரண்டும் அருகருகே இருந்தால், விழுந்த விதையிலிருந்து முளைப்பது தாயைப் போலவே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

எந்த மாதத்தில் தொடங்க வேண்டும்?

விதை என்றால் புரட்டாசியின் முற்பகுதி. விதை முளைக்க 18 முதல் 21 டிகிரி வெப்பம் நல்லது. நம்மிடம் அது இல்லாததால், வீட்டுக்குள் குளுமையான தளத்தில் விதைத்தட்டை வைத்து, முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் முளைக்கும். நான்கு ஜோடி இலை வந்ததும் சிறு தொட்டிக்கு மாற்றி, ஐப்பசி மழை முழுவதும் தாழ்வாரத்திலேயே வைத்திருங்கள். அடைமழையில் நனைந்த நாற்று அழுகிப்போகும். கார்த்திகை தீபம் கழிந்து மழை ஓய்ந்த பிறகு இறுதித் தொட்டியில் நட்டால், மாசி பங்குனியில் பூக்கும். வேர்விட்ட கன்றாக வாங்குவோர் ஐப்பசியிலேயே வாங்கி, கூரையடியில் தேற்றிக்கொள்வது நல்லது.

எங்கள் ஊர் செம்புறாங்கல் பூமி. தரையில் நேரடியாக நடலாமா?

நடலாம், ஆனால் நான் தொட்டியையே பரிந்துரைப்பேன். கோடையில் செடியைத் தூக்கி நிழலுக்கு மாற்ற முடியும் என்பதே அதற்கு முதல் காரணம். செம்புறாங்கல் மண் மழையில் சேறாகி, வெயிலில் கல்லாக இறுகும். கார்னேஷன் வேருக்கோ காற்றோட்டம் வேண்டும். மேலும் இந்த மண் பல இடங்களில் சற்றுப் புளிப்புத் தன்மையுடன் இருக்கும். கார்னேஷனுக்கு அமில-காரக் குறியீடு (pH) 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். மண்ணைப் பரிசோதித்துப் பார்த்து, குறைவாக இருந்தால் நீற்றின கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சிறிதளவு, நடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே கலந்துவிடுங்கள். நம் முன்னோர் சுவர்ப் பூச்சுக்கு வாங்கிய அதே சுண்ணாம்பு. எருவோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. எருவின் தழைச்சத்து ஆவியாகிவிடும்.

என் கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, பருமணலும் உடைத்த ஓட்டுச் சில்லுகளும் சேர்ந்து ஒரு பங்கு. பத்து அங்குல மண் தொட்டி போதும். பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், அதன் பக்கச் சுவர் வியர்க்காததால் வேர் சூடேறிவிடும். நடும்போது, நாற்று எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதைவிட ஒரு விரல் மேலாகவே இருக்கட்டும். தண்டின் அடி மண்ணுக்குள் புதைந்தால் அழுகல் நிச்சயம். இந்தச் செடிக்கு நேரும் சாவுகளில் பாதி இந்த ஒரு பிழையால் வருவது என்றே நான் நினைக்கிறேன்.

நம் வெயில் நமக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. அடுத்த ஆண்டுக்கான கலவையை அக்கினி நட்சத்திர நாட்களில் ஈரப்படுத்தி, தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வெட்டவெளியில் விட்டுவிடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் நோய்ப்பூஞ்சைகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். மலைக்காரர்கள் மருந்து போட்டுச் செய்வதை நாம் வெயிலை வைத்தே செய்துகொள்ளலாம்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

கார்த்திகையிலிருந்து மாசி வரை நாள் முழுவதும் வெயில் படும் இடம். பின்கட்டுத் தோட்டமோ, தடையின்றி வெயில் இறங்கும் முற்றமோ பொருந்தும். வெறும் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் தொட்டியை உயர்த்தி வையுங்கள். தட்டோடு போட்ட மொட்டைமாடியில் வேண்டவே வேண்டாம், பகலில் குடித்த சூட்டை அந்தத் தளம் இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். இரவுக் குளுமையே நமக்கு அரிது. அதையும் இழக்க வேண்டாம்.

தண்ணீர் எப்படி ஊற்றுவது?

காலையில் மட்டும், அடியில் மட்டும். இலைகளும் மொட்டும் நனையக் கூடாது. மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து, மேலே இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். சில ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் உப்பாக இருப்பதால் இலை நுனி கருகும். அப்படியானால், முற்றத்துத் தாழ்வாரத்திலிருந்து அண்டாவில் பிடித்து வைக்கும் மழைநீரை இந்தச் செடிக்கென ஒதுக்கிவிடுங்கள். குறைந்தபட்சம் வாரம் ஒருமுறையாவது மழைநீரை நிறைய ஊற்றி, மண்ணில் தேங்கிய உப்பைக் கழுவி அடித்துளை வழியே வெளியேற்றுங்கள்.

உரம்?

குறைவாக. தழைச்சத்து மிகுந்தால் தண்டு குழைந்து வளரும், மொட்டும் வெடிக்கும். மொட்டு வைக்கும் காலத்தில் சாம்பல் சத்தே முக்கியம். நட்டு ஒரு மாதம் கழித்து, இருவாரத்துக்கு ஒருமுறை மீன் அமிலத்தையோ மண்புழு உரத்தையோ அளவாகக் கொடுத்தால் போதும். பங்குனிக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள்.

நுனி கிள்ளுவதும் மொட்டு நீக்குவதும் அவசியமா?

நுனி கிள்ளுவது அவசியம். ஐந்தாறு ஜோடி இலை வந்தவுடன் மேல் நுனியைப் பக்கவாட்டில் வளைத்தால், கணுவில் 'டக்' என்று ஒடிந்துவிடும். அதற்குப் பிறகு கீழ்க்கணுக்களிலிருந்து நான்கைந்து கிளைகள் கிளம்பும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைத் தண்டாக நெட்டுக்குத்தலாக வளர்ந்து, ஒரு பூவோடு முடிந்துபோகும். பெரிய பூ வேண்டுமென்றால், உச்சி மொட்டைச் சுற்றியிருக்கும் சிறு மொட்டுகளைப் பட்டாணி அளவு வரும்முன் நீக்கிவிடுங்கள். கொத்தாகப் பூக்க வேண்டுமென்றால் நேர்மாறாக, உச்சி மொட்டை நீக்குங்கள். தாங்குவதற்கு மூங்கில் சிம்பை ஊன்றி, நூலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

மொட்டு ஒரு பக்கம் வெடித்து இதழ்கள் சரிந்து தொங்குகின்றன. இது நோயா?

நோயில்லை. மொட்டைத் தாங்கும் பச்சைக் குழலுக்குள் இதழ்கள் அடர்ந்து திணிக்கப்பட்டிருக்கும். குழல் விரிவதைவிட வேகமாக இதழ்கள் பெருகினால், ஐந்து பற்களில் ஏதோ இரண்டுக்கு நடுவே விளிம்பு கிழிந்துவிடும். தையல் பிரிந்த இரவிக்கை போலத் தோன்றும். பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் வெகுவாக மாறுவது, தழைச்சத்து மிகுதி, போரான் குறைபாடு ஆகியவை காரணங்கள். வெப்பத்தை நாம் மாற்ற முடியாது. மொட்டின் முனை நிறம் காட்டத் தொடங்கியதும் பச்சைக் குழலைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை இறுக்கமில்லாமல் மாட்டிவிட்டால் பெரும்பாலும் தடுக்கலாம். பூ விற்பவர்களும் இதைச் செய்வதுண்டு. போரான் குறைபாடு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் போராக்ஸ் கலந்து ஒருமுறை தெளிக்கலாம். அதற்கு மேல் போனால் அதே சத்து நஞ்சாகிவிடும்.

செடியின் ஒரு பாதி மட்டும் மஞ்சளாகி வாடுகிறது. தண்ணீர் போதவில்லையா?

தண்ணீர்க் குறை என்றால் செடி முழுவதும் ஒன்றுபோல வாடும். ஒரு பக்கம் மட்டும் வாடினால் ஃபியூசேரியம் வாடல் நோயைச் சந்தேகியுங்கள். தண்டின் அடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறக் கறை தெரியும். இதற்கு மருந்து இல்லை. செடியை மண்ணோடு எடுத்து எரித்துவிடுங்கள்; உரக்குழியில் போட வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் சூடான மண்ணில் இப்பூஞ்சை வேகமாகப் பெருகுவதால், நம் ஊரில் பங்குனியிலிருந்தே எச்சரிக்கை வேண்டும். முன்கூட்டியே கலவையில், நோய்ப்பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்த தொழுவுரம் சேர்ப்பது பயனுள்ளது.

பூச்சிகள்?

மாசிக்குப் பிறகு வறண்ட காற்று வீசும்போது சிவப்புச் சிலந்திப்பேன் வரும். இலையில் வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் 3 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். மொட்டில் துளை தெரிந்தால் உள்ளே பச்சைப்புழு இருக்கும். மொட்டைக் கிள்ளி அழிப்பதே சிறந்தது. பூச்சியைவிடப் பெரிய தொல்லை நம் ஊரில் மயில்தான். இளம் நாற்றுகளைக் கொத்திவிடும் என்பதால் கம்பிவலைக் கூண்டு அவசியம்.

கோடையில் செடியை எப்படிக் காப்பாற்றுவது?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே முக்கியமானது. நான் அதிகமாகத் தவறியதும் இதில்தான். முதல் பெரிய பூப்பு முடிந்த பங்குனிக் கடைசியில், செடியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டிவிட்டால் துளிர்க்காது. ஒவ்வொரு கிளையிலும் சில ஜோடி இலைகளாவது மிஞ்ச வேண்டும். பின்பு, காலை ஒன்பது மணி வரை மட்டும் வெயில் படும் கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்து, பானைக்குள் பானை. செடி இருக்கும் தொட்டியை அதைவிட இரண்டு அங்குலம் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியை மணலால் நிரப்புங்கள். அந்த மணலை மட்டும் தினமும் நனைத்துவந்தால், வெளித்தொட்டிச் சுவர் வியர்த்து, உள்ளே வேர் குளிர்ந்திருக்கும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான்.

சித்திரை வைகாசியில் உச்சிவேளையில் இலைகள் தொங்கும். அதைப் பார்த்தவுடன் தாகம் என்று நினைத்து என் இரண்டாம் ஆண்டில் நான் ஊற்றிய தண்ணீரே ஒன்பது செடிகளை ஒரே மாதத்தில் அழுகச் செய்தது. அப்போது செடி நீரை உறிஞ்ச முடியாமல் களைத்திருக்கிறதேயன்றி, மண்ணில் நீர் இல்லாமல் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பாருங்கள். இலை நிமிர்ந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். தொட்டியைக் கையால் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் மட்டும் மறுநாள் விடியற்காலையில் ஊற்றுங்கள். இந்தக் கோடை மாதங்களில் வரும் மொட்டுகளை இரக்கம் பார்க்காமல் கிள்ளிவிடுங்கள்; பூக்கும் வலிமையைச் செடி உயிர்வாழச் செலவழிக்கட்டும்.

புதுக்கன்று எடுப்பது எப்படி?

மல்லிகைக்குப் பதியம் போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. தை மாதத்தில், பூக்காத ஒரு பக்கக் கிளையைத் தேர்ந்து, அதன் கீழ் இலைகளை நீக்கி, ஒரு கணுவுக்குக் கீழே பாதித் தண்டு வரை சாய்வாகக் கீறி, அந்தக் கீறலை மண்ணுக்குள் வளைத்து அழுத்தி, வளைந்த கம்பியால் குத்தி நிறுத்துங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். கணுக்கள் எளிதில் ஒடியும் என்பதால், வளைப்பதற்கு முன் ஒரு நாள் தண்ணீர் ஊற்றாமல் தண்டைச் சற்றுத் துவளவிடுங்கள்.

குச்சி வழி இன்னும் விரைவானது. மார்கழி, தை மாதங்களில் நடுத்தண்டிலிருந்து வரும் பக்கத்துளிரை நாலைந்து ஜோடி இலையோடு கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுத்து, கழுவிய மணலில் ஒரு அங்குலம் ஆழத்தில் ஊன்றி, நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். இப்படி எடுத்த இளங்கன்றுகள் பழைய செடிகளைவிடக் கோடையை நன்றாகத் தாங்குவதை என் தோட்டத்தில் ஆண்டுதோறும் காண்கிறேன். ஒரு தாய்ச்செடிக்கு ஐந்து கன்று என்று கணக்கு வைத்தால், இரண்டு போனாலும் கவலையில்லை.

பறித்த பூ எவ்வளவு நாள் தாங்கும்?

வெளி இதழ்கள் தட்டையாக விரிந்த நிலையில், காலையில், இரு கணுக்களுக்கு நடுவே சாய்வாக வெட்டினால், ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். பழுத்த பழங்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஒரு விசேஷ நாளில், பட்டாலையில் சாத்தியிருந்த வாழைத்தாரின் அருகே பூச்சாடியை வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அத்தனை பூக்களும் இதழ்களை உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டு கண் மூடியது போல நின்றன, மீண்டும் விரியவேயில்லை. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனை அப்படி உறங்கச் செய்துவிடும்.

பூக்கடைப் பூவில் மணமே இல்லையே?

நெடுநாள் வாடாத வகைகளைத் தேர்ந்து தேர்ந்து மணத்தை இழந்துவிட்டார்கள். பழைய தோட்ட வகைகளில் இன்றும் மணம் உண்டு. எங்கள் அப்பத்தா முதல் பூவை முகர்ந்துவிட்டு, "இதென்னடா, அஞ்சறைப் பெட்டியத் தொறந்த மாதிரி கிராம்பு வாசம் அடிக்குது" என்றார்கள். மிகச் சரியாகச் சொன்னார்கள். கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால் இந்தப் பூவின் மணத்திலும் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரிலுள்ள காரியோஃபில்லஸ் என்ற சொல்லும் கிராம்பைக் குறித்ததே. மாலையில், மெல்லிய ஈரக்காற்றில் முகர்ந்து பாருங்கள்.

பூனை, நாய் தின்றால் ஆபத்தா?

வாந்தியும் வயிற்றுக் கோளாறும் வரலாம். பெரும்பாலும் அதற்கு மேல் இல்லை. எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆவணி வந்துவிட்டது. பழைய செடி துளிர்க்கவில்லை, காத்திருக்கலாமா?

தண்டின் அடிப்பகுதியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரு கைப்பிடி மக்கிய உரத்தை மேலே தூவி, காலை வெயிலுக்கு நகர்த்தி, புரட்டாசி நடுப்பகுதி வரை காத்திருங்கள். கணுக்களில் அரிசி மணி அளவில் சாம்பல் பச்சைத் துளிர் தலைகாட்டும். சுரண்டிய இடம் காய்ந்து பழுப்பாக இருந்தால், தொட்டியைக் காலி செய்துவிட்டு, தையில் எடுத்த கன்றுகளில் ஒன்றைப் புதுக் கலவையில் அங்கே நட்டுவிடுங்கள்.